‘லீஸ் டு ஓன்’ முறையில் லேப்டாப் எடுக்கும் முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வந்து இறங்கிய முதல் சில மாதங்களுக்குள் லேப்டாப் வாங்க வேண்டியிருக்கும் மாணவருக்கும், புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கும், அவர்களுடன் வந்த துணைவருக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. ஊரில் எத்தனை ஆண்டுகள் கடன் அட்டைத் தொகையை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருந்தாலும், அந்தப் பெயர் பொதுவாக இங்கே உடன் வருவதில்லை. கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவரா என்று கணிக்கும் ஃபைகோ மதிப்பெண் ஒன்று உருவாகவே ஏதாவது ஒரு கடன் கணக்கு ஆறு மாதமாவது பழையதாக இருக்க வேண்டும். ஆகவே கடையின் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தால் மறுப்பு வருவதே வழக்கம். அந்த மறுப்பை அடுத்து, ‘கிரெடிட் தேவையில்லை, இன்றே எடுத்துச் செல்லுங்கள்’ என்ற அழைப்பு திரையில் தோன்றும். விற்பனையாளரும் அதையே இன்முகத்துடன் சொல்வார். அதுதான் ‘லீஸ் டு ஓன்’ அல்லது ‘ரென்ட் டு ஓன்’ எனப்படும் ஏற்பாடு. அது சட்டவிரோதமானது அல்ல. ஆனால் 600 டாலர் லேப்டாப்புக்கு 1,300 டாலர் வரை கொடுக்க வைக்கக்கூடியது. கையெழுத்திடும் முன் எதை எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கீழே காணலாம்.

முதல் படி: இது தவணைக் கடன் அல்ல என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலோ கோவையிலோ இஎம்ஐயில் பொருள் வாங்கிப் பழகியவர்கள் இதையும் அதே வகை என்று எண்ணிவிடுவது இயல்பு. இஎம்ஐயில் கடையை விட்டு வெளியே வரும்போதே பொருள் உங்களுடையது. நீங்கள் வங்கிக்குக் கடன்பட்டவர், அவ்வளவுதான். ‘லீஸ் டு ஓன்’ ஏற்பாட்டில் நடப்பது வேறு. கடை அந்த லேப்டாப்பை உங்களுக்கு விற்பதில்லை; ஒரு குத்தகை நிறுவனத்துக்கு விற்கிறது. அந்த நிறுவனம் அதை உங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும் நாள் வரை, அல்லது இடையில் ஒரு தொகை கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும் வரை, நீங்கள் வாடகைதாரர் மட்டுமே.

எப்போது வேண்டுமானாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதைத்தான் விற்பனையாளர் முதல் சலுகையாகச் சொல்வார். சலுகை உண்மைதான். ஆனால் அதே காரணத்தால்தான் ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் என்று ஓர் எண் பெரும்பாலும் இருக்காது. கடன் கொடுப்பவர் ஆண்டு வட்டி விகிதத்தை எழுத்தில் காட்ட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 1976இல் வந்த நுகர்வோர் குத்தகைச் சட்டம் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குப் பொருந்துகிறது. வாரத்துக்கு வாரமோ மாதத்துக்கு மாதமோ புதுப்பிக்கப்படும், நடுவில் அபராதமின்றி விட்டுவிடக்கூடிய ஒப்பந்தம் முதலாவதன்படி கடன் விற்பனையும் அல்ல, இரண்டாவதன்படி நீண்ட குத்தகையும் அல்ல. இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது. ‘இதில் வட்டியே கிடையாது’ என்று யாராவது சொன்னால், சட்ட மொழியில் அது சரியாக இருக்கலாம். உங்கள் பணப்பைக்கு அதனால் பயன் இல்லை.

இரண்டாம் படி: இரண்டே எண்களைக் கேளுங்கள்

ரொக்க விலை எவ்வளவு? கடைசித் தவணை வரை கட்டினால் மொத்தம் எவ்வளவு? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள். திரையில் விரலால் கையெழுத்திடுவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் பக்கங்களை வேகமாக நகர்த்திக் கடைசிப் பெட்டிக்கு அழைத்துச் செல்வதில் விற்பனையாளர்கள் தேர்ந்தவர்கள். பெரும்பாலான மாநிலங்களின் வாடகைக் கொள்முதல் சட்டங்கள் மொத்தத் தொகையை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்கின்றன. ஆகவே அந்த எண் எங்கோ இருக்கத்தான் செய்யும். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வாரத் தவணை அல்லது இருவாரத் தவணை மட்டுமே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ரொக்க விலை 600 டாலர். தொடக்கக் கட்டணம் 49 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 48 டாலர் வீதம் ஓராண்டுக்கு 26 தவணைகள். தவணைகள் மட்டும் 1,248 டாலர், தொடக்கக் கட்டணத்துடன் 1,297 டாலர். விற்பனை வரி இதற்கு மேல், அதுவும் பொதுவாக ஒவ்வொரு தவணையின் மீதும் விதிக்கப்படும். இதையே ஒரு கடனாக எண்ணி ஆண்டு வட்டியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 190 சதவீதம் வருகிறது. அதே 600 டாலரை 28 சதவீத வட்டியில் ஓராண்டுக்குக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 58 டாலர், மொத்தம் சுமார் 695 டாலர்தான் ஆகும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்சொன்ன கணக்கில் ஆறு மாதம் முடியும்போது 13 தவணைகளும் தொடக்கக் கட்டணமுமாக 673 டாலர் கட்டியிருப்பீர்கள். அது ரொக்க விலையைவிட அதிகம். அந்த நிலையில் வேலை மாறியோ செலவு கூடியோ லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் கையில் மிஞ்சுவது எதுவும் இல்லை. ‘எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம்’ என்ற சலுகையின் விலை இதுதான்.

மிகைப்படுத்திய கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். புரோகிரசிவ் லீசிங் என்ற பெரிய குத்தகை நிறுவனத்தின் மீது கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி எடுத்த நடவடிக்கையில், எல்லாத் தவணைகளையும் கட்டி முடிப்பவர்கள் பொதுவாக விலைச்சீட்டில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்க நேர்ந்தது என்றும், ‘ரொக்கம் கொடுப்பதற்குச் சமம்’, ‘வட்டி இல்லை’ போன்ற பேச்சுகளால் வாடிக்கையாளர்கள் திசைதிருப்பப்பட்டார்கள் என்றும் ஆணையம் குற்றம் சாட்டியது. 2020இல் அந்நிறுவனம் 17.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

ரொக்க விலையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரிய மின்னணுக் கடையில் குத்தகை எடுத்தால் விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். வாடகைக் கொள்முதலுக்கென்றே நடத்தப்படும் கடைகளில் ‘ரொக்க விலை’ என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடையே. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைக்கு உள்ளேயே நின்று கைப்பேசியில் மற்ற கடைகளின் விலையைத் தேடிப் பாருங்கள். செயலி (புராசஸர்) எது, ரேம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 4 ஜிபி ரேமுடன் வரும் மலிவு லேப்டாப் ஓராண்டுத் தவணை முடியும் முன்பே திணறத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: ‘90 நாள்’ என்ற வாசகத்தை நிதானமாகப் படியுங்கள்

பல ஒப்பந்தங்களில் முதல் 90 நாளுக்குள், சிலவற்றில் 100 நாளுக்குள், ரொக்க விலைக்கு நெருக்கமான தொகையைக் கட்டிப் பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை இருக்கும். இந்த ஏற்பாட்டை அறிவோடு பயன்படுத்துவதாக இருந்தால் வழி இது ஒன்றுதான். ஆனால் இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள்.

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும் தவணைகள் ஓராண்டுக் கணக்கில் வகுக்கப்பட்டவை. அவற்றை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே போனால் 90ஆம் நாளில் லேப்டாப் உங்களுடையதாகிவிடாது. நமது எடுத்துக்காட்டில் 90 நாளுக்குள் போவது ஆறு தவணைகள், அதாவது 288 டாலர். மீதி 312 டாலரை நீங்களே ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். அதற்கு முன்பே தொலைபேசியிலோ கணக்குப் பக்கத்திலோ ‘இப்போதே வாங்கிக்கொள்கிறேன்’ என்று தெரிவிக்கவும் வேண்டும். தொடக்கக் கட்டணமான 49 டாலர் விலையில் கழிக்கப்படுமா என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நாள் தவறினால் சலுகை முடிந்தது. அதன் பிறகு சொந்தமாக்கிக்கொள்ளக் கட்ட வேண்டிய தொகை வேறு கணக்கில் போகும்.

ஆகவே 90 நாள் வழியைத் தேர்வதாக இருந்தால் மூன்று விஷயங்களை அன்றே செய்யுங்கள். கெடு முடியும் தேதியை ஒப்பந்தத்திலிருந்தே எடுத்து நாட்காட்டியில் பத்து நாள் முன்னதாகக் குறித்துவையுங்கள். அன்று கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துவையுங்கள். கட்டி முடித்ததும் பொருள் உங்கள் உடைமை என்பதற்கான கடிதத்தையும், ஆட்டோ பே நிறுத்தப்பட்டதற்கான உறுதியையும் வாங்கிவிடுங்கள். உதவித்தொகையோ முதல் சம்பளமோ 90 நாளுக்குள் நிச்சயமாக வரும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும். ‘வந்துவிடும்’ என்ற நம்பிக்கை போதாது.

நான்காம் படி: சிறிய எழுத்தில் எதைத் தேட வேண்டும்

முதலில் ஆட்டோ பே. தவணை நாளில் கணக்கில் பணம் குறைவாக இருந்தால் குத்தகை நிறுவனம் ஒரு கட்டணம் கேட்கலாம், வங்கி தன் பங்குக்கு ஓவர் டிராஃப்ட் கட்டணம் என்று 35 டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம். 48 டாலர் தவணை அன்றைக்கு மட்டும் 80 டாலரைத் தாண்டிவிடும்.

அடுத்து, பொருளை எங்கே வைத்திருக்கலாம் என்ற விதி. நிறுவனத்தின் அனுமதியின்றி, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள முகவரியிலிருந்தோ மாநிலத்திலிருந்தோ பொருளை எடுத்துச் செல்லக் கூடாது என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் இருக்கும். இன்டர்ன்ஷிப்புக்காக வேறு மாநிலம் போகிறவரும், டிசம்பர் விடுமுறையில் லேப்டாப்பைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோகிறவரும் இந்த வாசகத்தை மீறுகிறோம் என்றே தெரியாமல் மீறுகிறார்கள்.

தவணையை நிறுத்திவிட்டுப் பொருளையும் திருப்பித் தராமல் இருப்பது இதைவிடக் கடுமையான விளைவைத் தரும். பொருள் நிறுவனத்தின் உடைமை என்பதால் இதை வெறும் கடன் பாக்கியாக மட்டும் பார்க்க மாட்டார்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் வாடகைக் கடைகள் காவல்துறையிடம் புகார் கொடுத்து, வாடிக்கையாளர்கள் குற்ற வழக்கைச் சந்தித்த நிகழ்வுகள் உண்டு. குடியுரிமை உள்ளவருக்கே அது பெரும் தொல்லை. ஒவ்வொரு முறை விசா விண்ணப்பம் நிரப்பும்போதும் ‘கைது செய்யப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய நமக்கு எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

காப்பீடு போன்ற பெயரில் வரும் ‘சேதத் தள்ளுபடி’, உறுப்பினர் சலுகைத் திட்டம் ஆகியவை பெட்டியில் முன்பே குறியிட்டு வைக்கப்பட்டிருக்கலாம். விருப்பத்துக்குரியவை என்றால் நீக்கச் சொல்லுங்கள்.

கணினிக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. சோபாவையோ குளிர்சாதனப் பெட்டியையோ வாடகைக்கு எடுத்தால் இது வராது. லேப்டாப் உங்களுடையது அல்ல என்றால் அதற்குள் என்ன மென்பொருள் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் முழுதாக உங்களிடம் இல்லை. டிசைனர்வேர் என்ற நிறுவனம் தயாரித்த மென்பொருளை வாடகைக் கடைகள் தங்கள் கணினிகளில் நிறுவியிருந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 4,20,000 கணினிகளில் அது இருந்ததாக எஃப்டிசி 2012இல் தெரிவித்தது. தவணை தவறினால் கணினியைப் பூட்டுவது அதன் வெளிப்படையான வேலை. அதோடு நிற்காமல், அதிலிருந்த ஒரு வசதியைக் கடைக்காரர் இயக்கினால் தட்டச்சு செய்யும் எழுத்துகள், திரையின் படங்கள், வெப்கேமரா வழியாக வீட்டுக்குள் எடுத்த புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அனுப்பப்பட்டன. மென்பொருள் பதிவுச் சாளரம் போன்ற போலிப் பெட்டியைக் காட்டி முகவரியும் தொலைபேசி எண்ணும் வாங்கப்பட்டன. அந்த நிறுவனமும் ஏழு வாடகை நிறுவனங்களும் அந்த ஆண்டே சமரசத்துக்கு வந்தன. தன் பெயரில் நடத்த உரிமம் பெற்ற கடைகள் இதைப் பயன்படுத்தத் துணைநின்றதாக ஏரன்ஸ் என்ற பெரிய வாடகைக் கடைத் தொடர் மீதும் 2013இல் நடவடிக்கை எடுக்கப்பட்டு, அதுவும் சமரசத்தில் முடிந்தது.

பெரிய கடையில் உறை பிரிக்காத பெட்டியில் வரும் லேப்டாப்புக்கு இந்த அச்சம் குறைவு. வாடகைக் கடையில் முன்பே ஒருவர் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த கணினியை எடுப்பதாக இருந்தால், இருப்பிடம் கண்டறியும் அல்லது பூட்டும் மென்பொருள் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்படி ஏதேனும் இருந்தால் அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உங்கள் மாநிலம் எது என்று பாருங்கள்

இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் மாநிலச் சட்டங்கள்தான். எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ குடியேறிய தமிழர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006இல், இத்தகைய ஒப்பந்தங்கள் அம்மாநிலத்தின் சில்லறைத் தவணை விற்பனைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்றும், 30 சதவீதம் என்ற கந்துவட்டி வரம்பு அவற்றுக்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. மின்னசோட்டா, விஸ்கான்சின் ஆகியவற்றிலும் இவை கடன் விற்பனையாகவே பார்க்கப்படுகின்றன. குத்தகை விளம்பரங்களின் அடிக்குறிப்பில் ‘இந்த மாநிலங்களில் கிடைக்காது’ என்ற பட்டியலில் இந்தப் பெயர்கள் அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான். வட்டி வரம்பு வந்தவுடன் ஒரு வியாபாரம் ஊரைவிட்டே போய்விடுகிறது என்றால், அந்த வியாபாரத்தின் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: கையெழுத்திடும் முன் வேறு வழிகளை முயன்று பாருங்கள்

மாணவர் என்றால் முதலில் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். பல வளாகங்களில் லேப்டாப்பை இரவலாகக் கொடுக்கிறார்கள், சில இடங்களில் ஒரு பருவம் முழுவதற்கும்கூட. முதல் சம்பளம் வரும் வரை சமாளிக்க அது போதும், காசும் ஆகாது. கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்களே அதிகம்.

ரீஃபர்பிஷ்டு, அதாவது பயன்படுத்தியதைப் புதுப்பித்து விற்கும் கணினி இரண்டாவது வழி. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு மாற்றும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகை லேப்டாப்புகள் புதிய மலிவு மாடல்களைவிட உறுதியானவை. ஆப்பிள் நிறுவனம் தானே புதுப்பித்து விற்பவற்றுக்கு ஓராண்டு உத்தரவாதமும் உண்டு. வாங்கும்போது விண்டோஸ் 11 ஏற்குமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். வருமானம் குறைவாக உள்ள குடும்பங்களுக்குப் பிசிஸ் ஃபார் பீப்பிள் போன்ற தொண்டு அமைப்புகள் புதுப்பித்த கணினிகளைக் குறைந்த விலையில் தருகின்றன.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியனில் கணக்குத் திறந்து விசாரியுங்கள். கூட்டாட்சிக் கிரெடிட் யூனியன்கள் ‘மாற்றுச் சம்பளநாள் கடன்’ என்ற பெயரில் சிறு கடன்கள் தரலாம். வட்டி 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது. அவற்றில் ஒரு வகையில் 2,000 டாலர் வரை, ஓராண்டு வரை கிடைக்கும். நமது எடுத்துக்காட்டிலுள்ள 695 டாலர் கணக்கு இதை வைத்துப் போட்டதுதான். எல்லாக் கிளைகளிலும் இது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முன்பணம் கட்டி எடுக்கும் செக்யூர்டு கடன் அட்டையை இன்றே வாங்கிவைப்பது இந்த லேப்டாப்புக்கு உதவாவிட்டாலும் அடுத்த ஆண்டு உதவும். குத்தகைத் தவணையை ஒழுங்காகக் கட்டினால் கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அது மூன்று பெரிய கிரெடிட் அமைப்புகளுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போனால் மட்டும் தெரியவரும்.

‘முதலில் சில வாரங்கள் கட்டுங்கள், பிறகு கணினி அனுப்புகிறோம்’ என்று சொல்பவர்களிடம் மட்டும் நெருங்கவே வேண்டாம். புளூஹிப்போ என்ற நிறுவனம் கிரெடிட் இல்லாதவர்களுக்குக் கணினி என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து, வாரத் தவணைகளை வாங்கிக்கொண்டு, கட்டியவர்களில் மிகப் பலருக்குக் கணினியே அனுப்பவில்லை. எஃப்டிசியுடன் 2008இல் சமரசம் செய்துகொண்ட பிறகும் அதே போக்கு தொடர்ந்ததாக 2009இல் மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது.

ஏழாம் படி: ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால்

கடையின் வழக்கமான திருப்பும் கெடு முடியவில்லை என்றால் லேப்டாப்பை உடனே கடையில் கொடுத்துவிடுங்கள். கடை பணத்தைத் திருப்பித் தருவது உங்களுக்கு அல்ல, குத்தகை நிறுவனத்துக்கு. ஆகவே ரசீதின் படத்துடன் நிறுவனத்துக்கும் அன்றே எழுதி, ஒப்பந்தம் ரத்தானதாகப் பதில் வாங்குங்கள். கடையில் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிட்டால் தவணைகள் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கக்கூடும்.

கெடு முடிந்துவிட்டது, ஆனால் 90 நாள் ஆகவில்லை என்றால், உறவினரிடமோ நண்பரிடமோ கைமாற்று வாங்கியாவது அந்தத் தேதிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதையும் தாண்டிவிட்டால், இன்றைய தேதியில் சொந்தமாக்கிக்கொள்ள எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகையையும் அதே திறனுள்ள ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பின் சந்தை விலையையும் அருகருகே வையுங்கள். இதுவரை கட்டிய பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போனது போனதுதான். சந்தை விலை குறைவாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே லாபம்.

திருப்பிக் கொடுக்கும் முன் கோப்புகளை வேறு இடத்தில் சேமித்து, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் கணக்குகளிலிருந்து வெளியேறி, வட்டை முழுதாக அழித்து, கணினியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒப்படைத்த தேதி, தொடர் எண், கணினியின் நிலை ஆகியவை எழுதிய ரசீதைக் கையெழுத்துடன் வாங்குங்கள். பிறகும் வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டால், வங்கியிடம் அந்த நிறுவனத்தின் பெயரில் பணம் எடுப்பதை நிறுத்தும் உத்தரவு கொடுக்கலாம். உங்களிடம் சொன்னதற்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதற்கும் முரண்பாடு இருந்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் எஃப்டிசிக்கும் புகார் அனுப்புங்கள். புகாருடன் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள், கடையின் விலைச்சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, விற்பனையாளருடன் நடந்த மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.